பிள்ளைத்தாச்சி ஏறினால் எரியும் விளக்கு

போன மாதம் ஊரப்பாக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் என் மருமகனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் காரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒரு இளம்பெண் வந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகினாள், கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள், "பின்பக்கம் இடது சக்கரத்துல சென்சார் போயிருக்கு" என்றாள். எங்களுக்கு வந்த டீ இன்னும் ஆறவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. எழுபது தாண்டிய கிழவனுக்கு ஒரு சின்னப் பெண் மேல் என்ன பொறாமை என்று கேட்கலாம். நான் ஒரு காரின் சிவப்பு விளக்கோடு ஒரு கோடை முழுக்கப் போராடியவன். அதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது அவள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன கோளாறு ஐயா அது? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று விடாமல் கேட்டாள். அங்கே நின்றுகொண்டு சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது கருங்குழியில் ஒரு லாரிப் பட்டறையில். பிரேக் கட்டைக்கு ரிவிட் அடிப்பதும், சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதும், முதலாளியின் திட்டு வாங்குவதுமாகச் சில வருஷம் போயிற்று. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. கை தேறியதும் செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் அமீர் பாய் வைத்திருந்த ஒர்க் ஷாப்பில் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் இருக்கும்.

அமீர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை ஜிப்பா, கட்டம் போட்ட கைலி, தலையில் வலைத் தொப்பி. உடைந்த காரிலிருந்து கழற்றிய பின்சீட்டை வேப்பமரத்தடியில் போட்டு, அதில்தான் உட்கார்ந்திருப்பார். கையில் கருப்பு படாது. ஆனால் எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறக்க விடமாட்டார். வண்டிக்காரர் பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்து, கொளவாய் ஏரிக்கரை வரை போய் வருவார். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். வண்டிக்காரர் எப்போது கியர் மாற்றுகிறார், எப்போது கிளட்சில் கால் வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இறங்கி வந்து, "மொதல்ல மனுசன் எப்டி ஓட்றாருன்னு பாக்கணும். வண்டிய அப்பால பாத்துக்கலாம்" என்பார். பாதிக் கோளாறு அந்த ஏரிக்கரையிலேயே தெரிந்துவிடும்.

வேலை நன்றாக இருந்தால் "சரி" என்பார். மிக நன்றாக இருந்தாலும் அதே "சரி"தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் வீட்டிலிருந்து பிரியாணி வரும். முதல் தட்டை யாருக்குத் தன் கையால் நீட்டுகிறாரோ, அவன்தான் அந்த வாரத்தின் ராஜா. அது பெரும்பாலும் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது. மதியம் ஆனதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது என்று ஒருமுறை ஒரு வாடகை அம்பாசிடர் வந்தது. மூன்று பட்டறை பார்த்துக் கைவிட்ட வண்டி. பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விட வேண்டிய நூலளவு இடைவெளியை யாரோ இறுக்கியிருந்தார்கள். வெயிலில் எண்ணெய் சூடாகி விரிந்ததும் போக இடமில்லாமல் பிரேக்கைப் பிடித்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு, "ஏழுமலை கீறாரா?" என்று என் பேரைக் கேட்டு வண்டிகள் வந்தன. அந்தக் கேள்வி காதில் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் எனக்கு.

அப்போதுதான் வேணு வந்தான்.

மெட்ராஸில் வெளிநாட்டு வண்டிகள் பார்க்கிற பெரிய ஒர்க் ஷாப்பில் இருந்தவன். ஏதோ குடும்பக் காரணம், செங்கல்பட்டுக்கு வந்துவிட்டான். என்னை விட இரண்டு மூன்று வயது இளையவன். பச்சைத் துணி ஒட்டிய மரப்பெட்டியில், ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதனதன் அளவில் குழி வெட்டி வைத்திருப்பான். என் ஸ்பானர்கள் எண்ணெய் டின்னில் கிடந்தன. அவன் வாடிக்கையாளரிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுவான். வேலை செய்யும்போது பாடுவான், அதுவும் சுதி பிசகாமல். எதிர் டீக்கடைக்காரர் அவனுக்கு மட்டும் பாலேடு போட்டு டீ கொடுத்தார். பட்டறை நாய்கூட என் காலடியிலிருந்து எழுந்துபோய் அவன் பக்கத்தில் படுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை முதல் தட்டும் அவனிடம் போயிற்று.

வீட்டிலும் நிம்மதியில்லை. ஒருநாள் ஏதோ சாமான் கொடுக்க என் வீட்டுக்கு வந்தவன், சரியாக எரியாத ஸ்டவ்வைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து பிரித்துச் சரி செய்துவிட்டான். என் மனைவி தனம் அன்று முழுவதும் அதையே பேசினாள்.

"நானு எவ்ளோ நாளா சொல்லிகினு கீறேன். நீ கேட்டியா? அந்த வேணு அண்ணன் குந்தின எடத்துலயே சரி பண்ணிட்டாரு. தங்கமான மனுசன்."

தங்கமான மனுஷன் என்பதுதான் தொல்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்தக் கார் ஒரு பங்குனி மாதம் வந்தது. இங்கிலாந்தில் செய்த, இரண்டே பேர் உட்காரும் பச்சை ஸ்போர்ட்ஸ் கார். கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்த வண்டி, அதனால் ஸ்டியரிங் இடது பக்கம். மாமல்லபுரத்துச் சிற்பங்களை ஆராய வந்த ஒரு அமெரிக்கர் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது டாக்டர் சரோஜாவுக்கு விற்றுவிட்டுப் போனார். டாக்டரம்மாவுக்கு மாமல்லபுரத்தில் சின்ன மருத்துவமனை. கரையோரக் குப்பங்களில் பிரசவம் சிக்கலானால் அவர்தான் தன் பக்கத்து சீட்டில் பெண்ணைச் சாய்த்து உட்காரவைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார். பச்சைக் கார் பறந்தால் எங்கோ ஒரு குழந்தை பிறக்கப் போகிறது என்று வழியில் எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தோம். அமீர் பாய் சாவியை வாங்கி, என்னைத் தாண்டி, வேணுவிடம் கொடுத்தார். ஏரிக்கரைக்கும் போகவில்லை. எனக்கு அது விநோதமாகப் பட்டது. ஆனால் சாவி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

கோளாறு இதுதான். டாஷ்போர்டில் பிரேக் என்று எழுதிய சிவப்பு விளக்கு. அப்போது நம் ஊர் வண்டிகளில் அப்படி ஒன்று கிடையாது. அந்தக் காரில் முன்சக்கர பிரேக்குக்கு ஒரு குழாய், பின்சக்கரத்துக்கு ஒரு குழாய், ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். இரண்டு குழாயும் ஒரு சின்னப் பித்தளைக் கட்டைக்குள் சந்திக்கும். அதற்குள் விரல் நீளத்தில் ஒரு உருளை. இரண்டு பக்கமும் எண்ணெயின் அழுத்தம் சமமாக இருந்தால் அது தராசு முள் மாதிரி நடுவில் நிற்கும். ஒரு பக்கம் இளைத்தால் அந்தப் பக்கம் நகர்ந்து சுவிட்சைத் தொடும், விளக்கு எரியும். நகர்ந்த உருளை தானாகத் திரும்பாது. எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தில் காற்று எடுக்கும் திருகை லேசாகத் திறந்து, பெடலை மெல்ல அழுத்தி, விளக்கு அணைகிற நொடியில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் மறுபக்கம் ஓடிவிடும்.

வேணு அதைச் செய்ததை நான் தூணோரமாக நின்று பார்த்தேன். திருகை அவிழ்க்க ஒருவன், பெடலில் இவன். கண் விளக்கின் மேலேயே இருந்தது. அணைந்த அதே கணம் "மூடு" என்றான். ஒரே தடவையில் சரியாகிவிட்டது. நான் செய்திருந்தால் இரண்டு தடவை ஆகியிருக்கும்.

பிறகு எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. எண்ணெய் அளவு குறையவில்லை. ஆளில்லாத சாலையில் வேகமாகப் போய் பிரேக்கை உதைத்து நிறுத்தினான். நாலு சக்கரமும் கோடு போட்ட மாதிரி நின்றன. விளக்கு எரியவில்லை. டாக்டரம்மா ஓட்டிப் போனார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் வாண வேடிக்கை. வேணு முகம் சிறுத்து நின்றான். இந்த முறை சுவிட்சை மாற்றினான். மறுபடி வந்தது. பின்சக்கரத்து ரப்பர்களை மாற்றினான். மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்.

"பேஷண்ட்டோட வரும்போது மட்டும்தான் எரியுது. நான் தனியா எவ்வளவு தூரம் போனாலும் எரியல."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வண்டிக்கு எப்படித் தெரியும் யார் ஏறியிருக்கிறார்கள் என்று? வேணு மட்டும் அதை ஒதுக்கவில்லை. எடையால் இருக்குமோ என்று ஒரு சிமெண்ட் மூட்டையைப் பக்கத்து சீட்டில் வைத்து, கயிறு போட்டுக் கட்டி, மாமல்லபுரம் வரை ஓட்டிப் பார்த்தான். சிமெண்ட் மூட்டையோடு அவன் ஸ்போர்ட்ஸ் காரில் போன காட்சியைப் பார்த்து கடைத்தெருவே சிரித்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவன் நான். விளக்கு எரியவில்லை.

ஆனால் குப்பங்களில் யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைத்தாச்சி ஏறினால் சிவப்பு விளக்கு எரிகிற வண்டி என்று பேச்சுப் பரவிவிட்டது. ஒரு பெண்ணின் வீட்டார் காரில் ஏற்ற மாட்டோம் என்று மறுத்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து கொண்டுவந்தார்கள். தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை. அதற்கடுத்த முறை வந்தபோது டாக்டரம்மா காரை விட்டு இறங்காமலே சொன்னார்.

"வேணு, அந்த பல்பைக் கழட்டிடுங்க. பிரேக் நல்லாத்தானே பிடிக்குது? விளக்கைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படறாங்க."

அமீர் பாய் தலையாட்டினார். "கழட்டிக் குடுத்துடு வேணு. அம்மா சொல்றாங்கோ இல்ல."

வேணு குனிந்து அந்த விளக்கைப் பார்த்தான். பிறகு, "வேணாம் மேடம்" என்றான். "அது பொய் சொல்லிகினு கீதுன்னு எனக்குத் தோணல. இன்னா சொல்லுதுன்னு எனக்குத்தான் புரியல. புரியறதுக்குள்ள அத்த கழட்டிட்டா தப்பாயிடும்."

முதலாளியும் வண்டிக்காரரும் சொன்ன பிறகும் மறுத்தான். கழற்றியிருந்தால் அவன் அவமானம் அன்றோடு தீர்ந்திருக்கும். நானும் கழற்றியிருக்க மாட்டேன்தான். ஆனால் இப்படிச் சொல்லத் தெரிந்திருக்காது. அன்று சாயங்காலம் பாயிடம் போய்க் கேட்டேன்.

"பாய், அந்த வண்டிய நானு ஒரு தபா பாக்கட்டா?"

"வேணு பாத்துகினு கீறான் இல்ல? நீ லாரிய முடி" என்றார்.

லாரியை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று அந்த லாரிக்குத்தான் தெரியும்.

அப்போது தனம் முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு மாமல்லபுரத்தை அடுத்த தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆனி மாதத்தில் ஒரு காலை, வழக்கமாக அந்தப் பக்கம் வரும் பஸ் கண்டக்டர் பட்டறை வாசலில் இறங்கி, வலி கண்டுவிட்டது என்று சேதி சொன்னார். அதே பஸ் திரும்பும்போது ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா வீட்டுக்குள் இருந்தார். பச்சைக் கார் வாசலில் நின்றது.

"குழந்தை குறுக்கே இருக்கு ஏழுமலை. இங்கே வெச்சுப் பார்க்க முடியாது. ஆபரேஷன் வேணும். உடனே கிளம்பணும்" என்றார்.

என் மாமியார் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "அந்த வெளக்கு எரியற வண்டியிலயா? வேணாம்மா. நான் ஏத்த மாட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பாயில் படுத்திருந்த தனம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "யம்மா, அது வேணு அண்ணன் பாத்த வண்டி. ஒண்ணும் ஆவாது. போலாம்."

பக்கத்தில் நிற்கிறேன் நான். அதே பட்டறையில்தான் வேலை செய்கிறேன். பிரேக் வேலையில் பேரெடுத்தவன். உயிர் போகிற வலியில் அவளுக்கு வந்த பேர் வேணு! பயத்தோடு பயமாக அதுவும் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. மனுஷ மனசு எப்பேர்ப்பட்ட நேரத்திலும் தன் புத்தியை விடுவதில்லை.

அவளைத் தூக்கி சீட்டில் சாய்த்தோம். எனக்கு இடமில்லை. கூரை மடிந்திருந்த பின்பக்கத்தில், பெட்டி வைக்கிற ஒரு முழ இடத்தில் குறுக்காகக் குந்தினேன். இரண்டு சீட்டுக்கும் நடுவில் என் தலை. ஒரு கையால் தனத்தின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்திலிருந்து டாக்டரம்மாவின் கால்கள் எனக்கு நேராகத் தெரிந்தன.

அவர் தனியாகப் போகும்போது பார்த்திருக்கிறேன். காற்றாகப் போய், உதைத்து நிறுத்துவார். இன்று வேறு ஆள். வேகம் குறையாமல் போனார், ஆனால் தூரத்தில் மாட்டு வண்டி தெரிந்ததுமே பிரேக்கில் கால் வைத்துவிட்டார். மிதிக்கவில்லை. பாதத்தைப் பதித்து, மெல்ல மெல்ல, மூச்சைப் பிடிப்பது போல அழுத்திக்கொண்டே இருந்தார். வண்டி குலுங்காமல் குழைந்து வேகம் தணிந்தது. திருக்கழுக்குன்றத்துக் கடைத்தெருவில் ஜனங்களுக்கு நடுவே அப்படியே, விடாமல், லேசாகப் பிடித்தபடி ஊர்ந்தார்.

"எப்பவும் இப்டித்தான் பிரேக் புடிப்பீங்களா டாக்டரம்மா?"

"பேஷண்ட் இருந்தா இப்படித்தான். உதறினா அவங்களுக்கு உயிர் போகும்" என்றார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

எனக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது. முழுதாகப் பிடிபடவில்லை.

செங்கல்பட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்துக்கு ஏறுகிற மேட்டில் வண்டி நின்றது. எங்களுக்குப் பின்னால் கீற்று ஏற்றிய ஒரு மாட்டு வண்டி, அதன் பின்னால் பஸ். தனம் என் கையைப் பிறாண்டினாள். டாக்டரம்மா ஒரு கையால் அவள் நாடியைப் பிடித்தபடி, காலை பிரேக்கில் லேசாக வைத்து உட்கார்ந்திருந்தார். ரயில் வந்தபாடில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் விளக்கைப் பார்க்கவில்லை. பெடலைப் பார்த்தேன். அவர் பாதம் அசையவில்லை, ஆனால் அதற்குக் கீழே பெடல் இறங்கிக்கொண்டிருந்தது. சேற்றில் கால் இறங்குவது போல, சத்தமில்லாமல், தரையை நோக்கி. அடுத்த கணம் வண்டி பின்னால் உருண்டது. மாட்டு வண்டிக்காரர் கத்தினார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக், எண்ணெயோடு அதற்குச் சம்பந்தமில்லை. வண்டி நின்றது. மாட்டின் மூச்சு என் முதுகில் பட்டது.

டாக்டரம்மா முகம் வெளுத்துவிட்டது. "பிரேக் போயிடுச்சா?"

"இல்ல. கால எடுத்துட்டு மறுபடி பலமா மிதிங்க. மெதுவா புடிச்சிகினு இருக்காதீங்க. பலமா மிதிச்சா நிக்கும்."

மிதித்தார். பெடல் கல் மாதிரி மேலேயே நின்றது. கேட் திறந்தது. ஆஸ்பத்திரி வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் பலமாக மிதித்தார், ஒவ்வொரு உதறலுக்கும் தனம் அலறினாள், நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆபரேஷன் ஆயிற்று. பெண் குழந்தை. இருவரும் நலம் என்று டாக்டரம்மாவே வெளியில் வந்து சொன்னார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதில் வெட்கமில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். கண்டுபிடித்தவன் நான். மரத்தடியில் பாய் உட்கார்ந்திருக்க, எல்லாரும் கூடி நிற்க, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். வேணு ஒரு லாரிக்கு அடியில் இருந்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று.

"பாய், அந்த வெளக்கு எதுக்கு எரியுதுன்னு தெரிஞ்சிபோச்சு. பேஷண்ட் கீறப்ப அந்த அம்மா பெடல மிதிக்கறதில்ல. மெதுவா அழுத்தி, வுடாம புடிச்சிகினே…"

லாரிக்கு அடியிலிருந்து வேணு சரேலென்று வெளியே வந்தான். நெற்றி இடித்துக்கொண்டது அவனுக்குத் தெரியவே இல்லை.

"மெதுவாவா? புடிச்சிகினே இருந்தாங்களா? பெடல் எறங்கிச்சா? ஐயோ! மாஸ்டர் சிலிண்டரு! உள்ள ரப்பரு!"

நான் சொல்ல வைத்திருந்த கடைசி வார்த்தையை என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ராத்திரி முழுக்க யோசித்து நான் கண்ட முடிவு அது. அவன் பாதி வாக்கியத்தில் அங்கே வந்து நின்றுவிட்டான்.

விஷயம் அதுதான். பெடலுக்கு அடுத்தாற்போல் எண்ணெயைத் தள்ளுகிற சிலிண்டருக்குள், கிண்ணம் மாதிரி ரப்பர்கள் இருக்கும். பலமாக மிதித்தால் அதன் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் தப்பாது. தேய்ந்த ரப்பரை மெதுவாக அழுத்தினால் விளிம்பு விரியாது. எண்ணெய் அதன் ஓரமாக நழுவி மறுபடி தொட்டிக்கே போய்விடும். அந்தக் குழாயில் அழுத்தம் இளைத்து விளக்கு எரியும்; மற்றக் குழாய் மட்டும் வண்டியைப் பிடித்து நிறுத்த, லேசாக வைத்த காலின் பலம் போதாது. அதனால்தான் ஒரு சொட்டும் வெளியே ஒழுகவில்லை, அளவும் குறையவில்லை. நாங்கள் எல்லாரும் உதைத்து உதைத்துத்தான் பார்த்தோம். சிமெண்ட் மூட்டைக்கு வலிக்கும் என்று வேணு எதற்கு மெதுவாகப் பிடிக்கப் போகிறான்?

ஆஸ்பத்திரியில் நின்ற காரைக் கொண்டுவந்து மேட்டில் நிறுத்தி, நான் உட்கார்ந்து, பெடலை மெல்ல அழுத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அது இறங்கியது, விளக்கு எரிந்தது. அமீர் பாய் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"நானு பக்கத்துல குந்தி ஏரிக்கர வரைக்கும் போயிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ப்பா. லேடி டாக்டரு, ரெண்டே சீட்டு. ஊரு பாக்கும்னு கூச்சமா இருந்திச்சு. அந்த அம்மா சொன்னதயும் நாம யாரும் காதுல வாங்கல."

எத்தனையோ வருஷத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை.

சிலிண்டரைப் பிரித்தோம். இந்த முறை பாய் இருவரையும் உட்காரச் சொன்னார். ரப்பரின் விளிம்பு ஒரு பக்கம் மழுங்கிச் சோர்ந்திருந்தது. கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும், உள்ளே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. புது ரப்பர் நம் ஊரில் கிடைக்காது. வேணு மெட்ராஸ் போய், புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே அளவில் வாங்கி வந்தான். மாட்டினோம். காற்றை எடுத்தோம். உருளையை நடுவுக்குக் கொண்டுவந்தோம்.

காரை ஒப்படைக்க நாங்கள் இருவரும் போனோம். நான் ஓட்டினேன், வேணு பக்கத்தில். பாடவில்லை அவன். செங்கல்பட்டு கேட்டிலிருந்து கடற்கரை வரை, ஒவ்வொரு மாட்டு வண்டிக்கும் ஒவ்வொரு ஆட்டுக்குட்டிக்கும் நான் டாக்டரம்மா மாதிரியே பிரேக்கை மெல்லப் பிடித்து நிறுத்தினேன். திருக்கழுக்குன்றத்தில் வேண்டுமென்றே ஒரு மேட்டில் நின்று, பெடலைப் பிடித்தபடி ஒரு சோடா குடித்து முடித்தோம். விளக்கு எரியவில்லை.

மாமல்லபுரத்தில் டாக்டரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "வேணு! கடைசியில சரி பண்ணிட்டீங்க!" என்றார்.

பழக்கம். அத்தனை மாதமாக அவர் பேசியது அவனிடம்தான். ஆனாலும் என் காது சுட்டது.

"நானு இல்ல மேடம்" என்றான் வேணு. "கண்டுபுடிச்சது அண்ணாத்த. எனக்கு அது எட்டவே இல்ல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "தெரியும், அன்னிக்கு நானும் அந்த வண்டியிலதானே இருந்தேன்" என்று சிரித்தார். ஆனால் அவர் கண் அவன்மேல்தான் இருந்தது, மெச்சிக்கொண்டு. பெருமையை இவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று. கொடுத்ததிலும் அவனுக்கே பெருமை.

திரும்பி வர பஸ்ஸுக்காக நின்றோம். கடல் காற்று மணலை வாரி அடித்தது. வேணு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி, பாதியை என் கையில் கொட்டினான்.

"அண்ணாத்த, நானு வேல செய்யறப்ப நீ தூணாண்ட நின்னு பாத்துகினே இருப்பியே, எனக்குத் தெரியும்."

நான் கடலையைப் பார்த்தேன்.

"கோச்சிக்காத. மெட்ராஸ்ல என்னிய ஒருத்தனும் அப்டி பாத்ததில்ல. வண்டி வெளிய போனா போதும் அங்க. இங்க வந்தப்பறம்தான் ஒவ்வொரு நட்டையும் ரெண்டு தபா தொட்டுப் பாக்கறேன். ஒண்ணு லூசா வுட்டேன்னா நீ சிரிப்பியேன்னு. நீ இல்லாங்காட்டி நானு அந்த பல்ப அன்னிக்கே கழட்டிக் குடுத்திருப்பேன்."

பஸ் வந்தது. ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. "ராவெல்லாம் கொழந்த தூங்க வுட்டிருக்காது, நீ குந்து" என்று என்னைத் தோளில் கைவைத்து உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச தூரம் போனதும் மெல்லப் பாட ஆரம்பித்தான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் சொன்னதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவன் கையைப் பார்த்துத்தான் நானும் என் ஸ்பானர்களை எண்ணெய் டின்னிலிருந்து எடுத்துத் துடைத்து வைக்க ஆரம்பித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. இப்படி ஒரு வார்த்தையை முதலில் சொல்ல எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று, செங்கல்பட்டு வந்து சேரும் வரைக்கும் அவன்மேல் பொறாமையாகவே இருந்தது.